படத்தைப் பார்த்துப் பூவுக்குப் பேர் சொல்லலாமா?

(நம் சங்கத்தின் மாதாந்திரக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம். கூட்டத்துக்கு வர முடியாத சிலர் கேட்டுக்கொண்டதால் இந்தக் காலாண்டிதழில் வெளியாகிறது.)



சுண்டல் ஆறுவதற்குள் முடித்துவிட வேண்டும் என்று செயலாளர் சொல்லியிருக்கிறார். முயற்சி செய்கிறேன்.

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நான் தாவரவியல் படித்தவன் இல்லை. பி.காம். படித்து, வங்கியில் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவன். காலையில் நடக்கும்போது ரோட்டோரத்திலும் காலி மனையிலும் பூத்திருக்கிற சின்னச் சின்னப் பூக்களை செல்போனில் படம் எடுத்து, அதற்குப் பேர் கண்டுபிடிப்பது என் பொழுதுபோக்கு. ஏழெட்டு வருடமாகச் செய்கிறேன். நம் நகர் வாட்ஸ்அப் குழுவில் யாராவது ஒரு செடியின் படத்தைப் போட்டு "இது என்ன?" என்று கேட்டால், "சாரைக் கேளுங்கள்" என்று நீங்களே என் பெயரை இழுத்துவிடுகிறீர்கள். அதில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் இருந்தது. அந்தப் பெருமை ஒரு நாள் எப்படி இறங்கியது என்பதிலிருந்து ஆரம்பிக்கிறேன்.

ஒரு தவறான பதில்

இரண்டு வருடத்துக்கு முன்னால், ஐப்பசி மழை விட்டிருந்த சமயம். இரவு ஒன்பதரை மணி இருக்கும். மூன்றாவது குறுக்குத் தெருவில் இருக்கும் அம்மா ஒருவர் குழுவில் ஒரு படம் போட்டார். "சார், இது மூக்கிரட்டைதானே? பக்கத்து மனையில் நிறைய இருக்கிறது" என்று கேட்டிருந்தார். நான் படுக்கையில் இருந்தேன். கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டேன். படத்தைப் பார்த்தேன். தரையோடு படர்ந்த கொடி, வட்ட இலை, சிவந்த தண்டு, நடுவில் இளஞ்சிவப்பாக ஏதோ ஒரு பூ. "ஆமாம்மா, மூக்கிரட்டைதான்" என்று பதில் போட்டுவிட்டுத் தூங்கிவிட்டேன். மொத்தம் பத்து விநாடி வேலை.

அந்த அம்மா மறுநாள் அதைப் பறித்துப் பொரியல் செய்தார். அதற்கடுத்த நாளும் செய்தார். அவர் வீட்டுக்காரருக்குச் சிறுநீரகத்தில் கோளாறு உண்டு. மூக்கிரட்டை சிறுநீரகத்துக்கு நல்லது என்று யாரோ சொல்லி, அவருக்காகத்தான் தேடியிருக்கிறார். மூன்றாம் நாள் அவருக்கு வயிற்றுப்போக்கு நிற்கவில்லை. ஒரு நாள் இரவு மருத்துவமனையில் சேர்த்து டிரிப்ஸ் ஏற்றினார்கள்.

செய்தி கேட்டு நான் அந்தக் காலி மனைக்குப் போய்ப் பார்த்தேன். குனிந்து கையில் எடுத்துப் பார்த்தபோதே தெரிந்துவிட்டது. அது மூக்கிரட்டை இல்லை. சாரணை.

வயிற்றுப்போக்குக்கு அந்தக் கீரைதான் காரணமா என்று டாக்டர் உறுதியாகச் சொல்லவில்லை. ஆனால் அவர் ஒன்று சொன்னார்: "இவருக்கு இருக்கிற நிலைமையில் எந்தக் கீரையானாலும் என்னைக் கேட்காமல் கொடுக்கக் கூடாது." அதாவது என் பதில் சரியாக இருந்திருந்தால்கூட அது அவருக்கு ஆபத்துதான். சிறுநீரகம் பழுதானவர்களுக்குக் கீரையில் உள்ள பொட்டாசியத்துக்குக் கட்டுப்பாடு உண்டு. சாரணையில் அதோடு ஆக்சலேட்டும் அதிகம். முற்றிய இலை வயிற்றைக் கலக்கும்.

அந்த அம்மாவும் அவர் வீட்டுக்காரரும் இன்றைக்கு இந்தக் கூட்டத்தில் இருக்கிறார்கள். அவர் நலமாக இருக்கிறார். அவர்கள் அனுமதியோடுதான் இதைச் சொல்கிறேன். இன்றுவரை என்னை ஒரு வார்த்தை கடிந்துகொண்டதில்லை. அதுதான் எனக்கு அதிகம் உறைத்தது.

கவுண்டரில் கற்றது

வங்கியில் டெல்லர் கவுண்டரில் இருந்தபோது, குறிப்பிட்ட தொகை வரை காசோலையின் கையெழுத்தை நாங்களே சரிபார்த்துப் பணம் கொடுப்போம். மாதிரிக் கையெழுத்து அட்டை பக்கத்தில் இருக்கும். புதிதாக வந்தவர்கள் இரண்டையும் மொத்தமாகப் பார்த்து "ஒரே மாதிரி இருக்கிறதே" என்பார்கள். எங்கள் தலைமை கேஷியர் அப்படிப் பார்க்க விடமாட்டார். முதல் எழுத்து எங்கே ஆரம்பிக்கிறது, எந்த இடத்தில் பேனா தூக்கப்படுகிறது, கடைசிச் சுழி எந்தப் பக்கம் போகிறது என்று மூன்று நான்கு இடத்தைத் தனித்தனியாகப் பார்க்கச் சொல்வார். அதில் ஒன்று ஒத்துவரவில்லை என்றாலும் அதிகாரியிடம் அனுப்பு என்பார். "கையெழுத்து வேறுபடுகிறது" என்று எழுதித் திருப்புவதில் அவமானம் ஒன்றும் இல்லை. பணத்தைக் கொடுத்துவிட்டுப் பிறகு விழிப்பதுதான் அவமானம்.

முப்பது வருடத்துக்கு மேல் அப்படிப் பழகிய நான், ஒரு செடி விஷயத்தில் "ஒரே மாதிரி இருக்கிறதே" என்று பாஸ் பண்ணிவிட்டேன்.

அன்றைக்கு நான் என்னவெல்லாம் பார்த்திருக்க வேண்டும் என்று சொல்கிறேன். மூக்கிரட்டை, சாரணை இரண்டும் தரையோடு படரும். இரண்டிலும் ஒவ்வொரு கணுவிலும் இலைகள் எதிரெதிராக இருக்கும், அதில் ஒன்று பெரிதாகவும் மற்றது சிறிதாகவும் இருக்கும். இரண்டும் மழைக்குப் பிறகு காலி மனையில் பக்கத்துப் பக்கத்திலேயே வளரும். போதாக்குறைக்கு மருந்துக் கடைப் பக்கம் இரண்டையுமே புனர்நவா என்று சொல்லும் வழக்கமும் இருக்கிறது. இதுவரைக்கும் ஒற்றுமை.

வேற்றுமை பூவில் இருக்கிறது. மூக்கிரட்டையின் பூ, இலைக்கு மேலே நீண்டு கிளைத்து எழும் மெல்லிய காம்பின் நுனியில், சின்னச் சின்னக் கொத்தாக இருக்கும். ஒவ்வொரு பூவும் இரண்டு மூன்று மில்லிமீட்டர்தான். நல்ல அடர்ந்த ரோஜா நிறம். காய் பிசுபிசுப்பாக இருக்கும். நடந்துவிட்டு வந்தால் வேட்டியிலும் பேண்ட்டிலும் ஒட்டிக்கொண்டு வரும். சாரணையின் பூ அப்படி எழுந்து நிற்காது. இலைக்காம்பு தண்டோடு சேரும் இடத்தில் ஒரு சின்னப் பை போன்ற உறை இருக்கும். அதற்குள் பாதி மறைந்து, காம்பில்லாமல், ஒற்றைப் பூவாக உட்கார்ந்திருக்கும். வெளுத்த இளஞ்சிவப்பு. இலையும் தண்டும் பருப்புக்கீரை போலச் சதைப்பற்றாக இருக்கும்.

"பூ எங்கே உட்கார்ந்திருக்கிறது?" என்ற ஒரே ஒரு கேள்வி கேட்டிருந்தால் போதும். அந்த அம்மா அனுப்பிய படத்திலேயே, பெரிதாக்கிப் பார்த்தால், விடை இருந்தது. நான் பெரிதாக்கவில்லை.

ஒரு படம் போதாது

குழுவில் வரும் படங்களில் பாதிக்கு மேல் மேலிருந்து எடுத்த ஒரே படமாக இருக்கும். பச்சையாக நிறைய, நடுவில் ஒரு வண்ணப் புள்ளி. அதை வைத்து யாராலும் ஒன்றும் சொல்ல முடியாது. சரியாகப் பேர் சொல்ல வேண்டுமானால் ஒரு செடிக்குக் குறைந்தது ஐந்து படம் வேண்டும்.

முதலாவது, முழுச் செடி, அது நிற்கும் மண்ணோடு சேர்த்து. படர்கிறதா, நிமிர்ந்து நிற்கிறதா, ஈர மண்ணா, ஜல்லியா, சுவர் இடுக்கா என்பது தெரிய வேண்டும்.

இரண்டாவது, பூவை நேர் எதிரே பார்த்து. எத்தனை இதழ், இதழ்கள் தனித்தனியா அல்லது அடியில் ஒட்டியிருக்கின்றனவா என்று தெரிய.

மூன்றாவது, பூவைப் பக்கவாட்டில். பூவுக்கு அடியில் இருக்கும் பச்சைப் புல்லி இதழ், காம்பு, அதில் உள்ள ரோமம் எல்லாம் இதில்தான் தெரியும். பெரும்பாலோர் எடுக்காமல் விடுவது இந்தப் படத்தைத்தான்.

நான்காவது, தண்டில் இலை எப்படிப் பொருந்தியிருக்கிறது என்று. எதிரெதிராகவா, மாறி மாறியா? இலையைத் திருப்பி அடிப்பக்கத்தையும் ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள்.

ஐந்தாவது, காய் அல்லது விதை. கிடைத்தால் பாதி வேலை முடிந்தது.

இதற்கு ஒரு நல்ல உதாரணம் கீழாநெல்லி. மேலிருந்து எவ்வளவு அழகாகப் படம் எடுத்தாலும் அதன் பூவோ காயோ தெரியாது. இரண்டும் இலை வரிசைக்குக் கீழே தொங்கும். அதனால்தானே அந்தப் பெயரே வந்தது! கிளையைத் திருப்பி எடுத்த படம் இல்லாமல் கீழாநெல்லி என்று சொன்னால் அது வெறும் ஊகம்தான். தண்டை ஒடித்துப் பால் வருகிறதா என்றும் பார்க்க வேண்டும். கீழாநெல்லியில் பால் வராது. அம்மான் பச்சரிசியில் வரும்.

பழைய ஆட்கள் இதில் நம்மைவிட உஷாராக இருந்திருக்கிறார்கள். குறுந்தொகையில் அள்ளூர் நன்முல்லையார் நெருஞ்சியைச் சொல்லும்போது, சின்ன இலையைச் சொல்கிறார், கண்ணுக்கு இனிதான புதுப் பூவைச் சொல்கிறார், பிறகு அது முள்ளைத் தருவதையும் சொல்கிறார். இலை, பூ, காய் மூன்றும் வந்துவிட்டன. அவர் சொல்ல வந்தது மனசு நோகிற கதை. ஆனால் அடையாளம் பிசகவில்லை. மஞ்சள் பூவை மட்டும் சொல்லியிருந்தால் நாம் பத்துச் செடியைக் காட்டி இதுவா அதுவா என்று கேட்டிருப்போம். கபிலர் குறிஞ்சிப்பாட்டில் 99 பூக்களின் பெயரை அடுக்கியிருக்கிறார். அதில் பலவற்றுக்குப் பெயர் மட்டுமே இருப்பதால், இன்னது எது என்று அறிஞர்கள் இன்னும் வாதிட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

படம் எடுக்கும் முறை

இதற்கு விலை உயர்ந்த கேமரா தேவையில்லை. என்னிடம் இருப்பது சாதாரண செல்போன்தான். சில விஷயங்களை மட்டும் கவனித்தால் போதும்.

ரொம்பக் கிட்டே போகாதீர்கள். பெரும்பாலான போன்களில் நாலைந்து விரற்கடைக்கும் கிட்டே போனால் படம் கலங்கிவிடும். சற்றுத் தள்ளி எடுத்து, பிறகு வெட்டிப் பெரிதாக்கிக்கொள்ளலாம். சின்னப் பூவை விட்டுவிட்டுப் பின்னால் இருக்கும் புல்லைப் போன் பிடித்துக்கொண்டால், பூவுக்குப் பின்னால் உங்கள் உள்ளங்கையை வையுங்கள். கேமராவுக்கு வேறு வழியில்லை, பூவைத்தான் பிடிக்கும். திரையில் பூவின் மேல் விரலால் ஒரு தட்டுத் தட்டுங்கள்.

தும்பை மாதிரி வெள்ளைப் பூ, உச்சி வெயிலில் எடுத்தால் வெறும் வெள்ளைத் திட்டாக விழும். நம் நிழலையே அதன் மேல் விழும்படி நின்று எடுத்தால் இதழின் வடிவம் தெரியும். நிறத்தைக் கூட்டும் ஃபில்டர் எதையும் போடாதீர்கள். நீலம் ஊதாவாகிவிட்டால் நான் வேறு பேர் சொல்லுவேன்.

அளவு தெரிய வேண்டும் என்று சிலர் பக்கத்தில் ஒரு ரூபாய் நாணயம் வைத்து எடுக்கிறார்கள். நல்ல யோசனை. ஆனால் பணம் எண்ணிப் பழகியவன் என்ற முறையில் சொல்கிறேன், ஒரு ரூபாய் நாணயம் மூன்று நான்கு அளவில் புழக்கத்தில் இருக்கிறது. எதை வைத்தீர்கள் என்று எனக்குத் தெரியாது. பத்து ரூபாய் நாணயம் வையுங்கள். அது 27 மில்லிமீட்டர். பேரப்பிள்ளைகளின் ஸ்கேல் இருந்தால் இன்னும் நல்லது.

நேரமும் முக்கியம். விஷ்ணுகிரந்தி காலையில் விரிந்திருக்கும், மதியத்துக்கு மேல் சுருங்கிவிடும். கானாவாழையும் அப்படித்தான். பத்து மணிக்குக் காபி குடித்துவிட்டுப் போகலாம் என்று இருந்தால் சில பூக்களைப் பார்க்கவே முடியாது.

இந்த இரண்டையும் சேர்த்துச் சொன்னதற்குக் காரணம் உண்டு. கலங்கிய படத்தில் இரண்டும் பச்சைக்கு நடுவே ஒரு நீலப் புள்ளிதான். தெளிவான படத்தில் குழப்பமே இல்லை. விஷ்ணுகிரந்தி ஒரு சென்டிமீட்டருக்கும் குறைவான அகலம். இதழ்கள் ஒட்டி ஒரு வட்டத் தட்டுப் போல இருக்கும். தண்டிலும் இலையிலும் ரோமம். கானாவாழைக்கு இரண்டு பெரிய நீல இதழும், கண்ணுக்கு எளிதில் தெரியாத ஒரு சின்ன இதழும் உண்டு. பூ ஒரு மடித்த பச்சை உறைக்குள்ளிருந்து எட்டிப் பார்க்கும். இதில் ஒரு வேடிக்கை, கானாவாழை மண்ணுக்கு அடியிலும் பூத்துக் காய்க்கும். அந்தப் பூ விரிவதே இல்லை. மேலே எவ்வளவு வெட்டினாலும் அது திரும்ப வருவதற்கு இதுவும் ஒரு காரணம்.

நர்சரியில் வாங்கித் தொட்டியில் வைக்கிறார்களே, பெரிய நீலப் பூ, அதையும் சிலர் விஷ்ணுகிரந்தி என்கிறார்கள். அதே இனத்தைச் சேர்ந்ததுதான். ஆனால் அது பிரேசில் பக்கத்துச் செடி. பூ கிட்டத்தட்ட இரண்டு மடங்குக்கும் மேல் பெரிது. பத்து ரூபாய் நாணயம் பக்கத்தில் இருந்தால் இந்தச் சண்டையே வராது.

பெயர் ஒன்று, செடி வேறு

அடுத்த சிக்கல் பெயரில். தும்பை என்று தேடினால் மூன்று செடி வரும். மாலை கட்டும் தும்பைக்குச் சதுரத் தண்டு, கணுவைச் சுற்றிக் கொத்தாக வெள்ளைப் பூ. அது துளசிக் குடும்பம். கவிழ்தும்பை என்பது தலை கவிழ்ந்த வெளிர்நீலப் பூ. சொரசொரப்பான ரோம இலை. அது வேறு குடும்பம். வீட்டுத் தோட்டத்தில் வைக்கும் காசித்தும்பை இன்னொரு குடும்பம். மூன்றுக்கும் பெயரில் மட்டும்தான் உறவு.

நெருஞ்சியும் அப்படியே. தரையில் படர்ந்து முள்காய் காய்ப்பது நெருஞ்சி. யானை நெருஞ்சி சதைப்பற்றான செடி, குழல் போன்ற மஞ்சள் பூ. அதன் பச்சைக் கிளையைத் தண்ணீரில் போட்டுக் கலக்கினால் தண்ணீர் விளக்கெண்ணெய் போலக் கொழகொழக்கும். இரண்டுக்கும் குடும்பம் வேறு.

வெட்டுக்காயப் பூண்டு என்கிறோமே, நடுவில் மஞ்சளும் ஓரத்தில் ஐந்தாறு வெளிர் இதழுமாக நீண்ட காம்பில் நிற்குமே, சின்ன வயதில் அதைத் தாத்தாப்பூ என்று சொல்லித் தலையைச் சுண்டி விளையாடுவோம். இன்றைக்கு எல்லாத் தெருவிலும் இருக்கிறது. ஆனால் அது நம் நாட்டுச் செடியே இல்லை, அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்தது. நாம் ஒரு பூ என்று நினைப்பது பல சின்னப் பூக்கள் சேர்ந்த ஒரு தலை. நடுவில் உள்ள ஒவ்வொரு மஞ்சள் புள்ளியும் ஒரு தனிப் பூ. ஓரத்து ஒவ்வொரு இதழும் ஒரு தனிப் பூ, நுனியில் மூன்று பல் இருக்கும். ஓரிதழ் தாமரையில் இதற்கு நேர்மாறு. பெயர் ஓரிதழ் என்கிறது. உண்மையில் ஐந்து இதழ் உண்டு. ஒன்று மட்டும் பெரிதாக, இளஞ்சிவப்பாக விரிந்து மற்ற நான்கையும் மறைத்துவிடுகிறது. முன்பக்கப் படம் மட்டும் பார்த்தால் பெயரைத்தான் நம்புவோம்.

ஆப் சொல்வதை நம்பலாமா?

இந்தக் கேள்வியை எல்லோரும் கேட்கிறீர்கள். நானும் பிளாண்ட்நெட், ஐநேச்சுரலிஸ்ட், கூகுள் லென்ஸ் எல்லாம் பயன்படுத்துகிறேன். நல்ல உதவிதான். ஆனால் ஆப் செய்வது என்ன என்று தெரிந்துகொள்ள வேண்டும். நீங்கள் கொடுத்த படத்தைத் தன்னிடம் உள்ள படங்களோடு ஒப்பிட்டு, இது எதைப் போல இருக்கிறது என்று சொல்கிறது. இலையைத் திருப்பிப் பார்க்காது, தண்டை ஒடிக்காது, முகர்ந்து பார்க்காது. நீங்கள் காட்டாததை அதனால் பார்க்க முடியாது.

பிளாண்ட்நெட்டில் ஒரே கேள்விக்குப் பூ, இலை, காய் என்று பல படம் சேர்த்துக் கொடுக்கலாம். அப்படிக் கொடுத்தால் பதில் நன்றாகவே இருக்கிறது. ஐநேச்சுரலிஸ்ட் 2008-ல் அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழக மாணவர்கள் ஆரம்பித்தது. அதில் ஆப் சொல்வதோடு விஷயம் முடிவதில்லை. உலகத்தில் எங்கெங்கோ இருக்கிறவர்கள் உங்கள் படத்தைப் பார்த்துப் பேர் சொல்வார்கள். குறைந்தது இரண்டு பேர் சொல்ல வேண்டும், சொன்னவர்களில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் ஒரே பேரை ஒப்புக்கொள்ள வேண்டும். தேதியும் இடமும் இருக்க வேண்டும். அப்போதுதான் அது ஆய்வுக்கு உகந்தது என்று குறிக்கப்படும். வங்கியில் பெரிய தொகைக்கு இரண்டு கையெழுத்து வாங்குவது போல.

நான் போட்ட படம் ஒன்றுக்கு எட்டு மாதமாகியும் பேர் வரவில்லை. முதலில் எரிச்சலாக இருந்தது. பிறகு, அந்தப் படத்தில் காய் இல்லையே, அவர்கள் எதை வைத்துச் சொல்வார்கள் என்று புரிந்தது. அடுத்த மழைக்கு அதே இடத்துக்குப் போய்க் காயோடு எடுத்துப் போட்டேன். இரண்டே நாளில் பதில் வந்துவிட்டது.

ஆப்புக்கு மேல் புத்தகம் இருக்கிறது. கேம்பிள் என்பவர் ஆரம்பித்து, அவருக்குப் பிறகு ஃபிஷர் முடித்த சென்னை மாகாணத் தாவர நூல் 1915-லிருந்து 1936 வரை பகுதி பகுதியாக வந்தது. பிறகு திருச்சி தூய வளனார் கல்லூரி ராபினட் ஹெர்பேரியத்தின் பாதிரியார் மேத்யூ, தமிழ்நாட்டுக் கர்நாடகப் பகுதித் தாவரங்களைப் பற்றி 1980-களில் பெரிய தொகுதிகளாக வெளியிட்டார். நம் சமவெளிச் செடிகளுக்கு இன்றும் அதைத்தான் பார்க்கிறார்கள். கோயம்புத்தூரில் இந்தியத் தாவர மதிப்பாய்வு நிறுவனத்தின் தென்மண்டல மையத்தில் உலர்த்தி ஒட்டி வைத்த மாதிரிச் செடிகள் இருக்கின்றன. அதுதான் செடிகளின் மாதிரிக் கையெழுத்து அட்டை. நம் போனில் இருக்கும் படமெல்லாம் கடைசியில் அந்த அட்டையோடு ஒத்துப்போக வேண்டும்.

நான் வைத்துக்கொண்ட விதி

மூக்கிரட்டை விஷயத்துக்குப் பிறகு நான் பதில் சொல்லும் முறையை மாற்றிக்கொண்டேன். குழுவில் சிலர் "சார் முன்ன மாதிரி உடனே சொல்வதில்லை" என்று குறைப்பட்டுக்கொள்கிறீர்கள் என்று காதில் விழுந்தது. காரணம் இதுதான்.

இப்போது என்னிடம் மூன்று பதில்கள்தான் உண்டு. அடையாளம் எல்லாம் பொருந்தினால் பெயரைச் சொல்வேன், எதை வைத்துச் சொல்கிறேன் என்பதையும் சொல்வேன். பாதி பொருந்தினால், துளசிக் குடும்பம், அவரைக் குடும்பம் என்று அந்த அளவோடு நிறுத்திக்கொள்வேன். பொருந்தாவிட்டால் "படம் போதாது, இன்ன படம் வேண்டும்" என்று கேட்பேன். இரவு ஒன்பது மணிக்கு மேல் பதில் கிடையாது. கண்ணாடி போடாமலும் கிடையாது.

"சாப்பிடலாமா? மருந்துக்கு ஆகுமா?" என்ற கேள்விக்குப் படத்தை வைத்து நான் பதில் சொல்வதே இல்லை. தயவுசெய்து வேறு யார் சொன்னாலும் நம்பாதீர்கள். பூவுக்குப் பேர் தப்பாகச் சொன்னால் நான் திருத்திக்கொள்ளலாம். வயிற்றுக்குள் போனதைத் திருத்த முடியாது. கீரை வேண்டுமானால் தெரிந்த கீரைக்கார அம்மாவிடம் வாங்குங்கள். மருந்து வேண்டுமானால் மருத்துவரிடம் போங்கள்.

சங்கத்துக்கு ஒரு வேண்டுகோள்

கடைசியாக ஒரு கோரிக்கை. ஒவ்வொரு வருடமும் கார்த்திகை வாக்கில் நம் பூங்காவின் பின்பக்கத்தை மொத்தமாகச் செதுக்கிவிடுகிறோம். போன வருடம் களைக்கொல்லி அடிக்கலாம் என்றுகூடப் பேச்சு வந்தது. பாம்பு பயம் நியாயமானது. நடைபாதையும் விளையாட்டு இடமும் சுத்தமாக இருக்கட்டும். ஆனால் காம்பவுண்டு சுவரை ஒட்டிப் பத்தடி அகலத்தை மட்டும் தை மாதம் வரை விட்டுவைக்கக் கேட்டுக்கொள்கிறேன். மழையில் முளைத்தவை பூத்துக் காய்த்து விதை விழ அவ்வளவு நாள் போதும்.

அந்தப் பத்தடியிலும் ஒன்றை மட்டும் விட்டுவைக்கச் சொல்லமாட்டேன். அது பார்த்தீனியம். இலை கேரட் இலை மாதிரி வெட்டு வெட்டாக, பூ பொடிப்பொடியாக வெள்ளையாக இருக்கும். தோலில் பட்டால் பலருக்கு அரிப்பு வரும். பூப்பதற்கு முன்னால், கையுறை போட்டு, வேரோடு பிடுங்க வேண்டும். இங்கேயும் அடையாளம் தெரிந்தால்தான் வேலை நடக்கும். பிடுங்க வருகிறவருக்கு நாம் காட்டிக்கொடுக்காவிட்டால் அவர் தும்பையையும் சேர்த்துப் பிடுங்குவார். அது அவர் தப்பில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை ஆறரை மணிக்குப் பூங்கா வாசலில் இருப்பேன். வருகிறவர்கள் செல்போனும் ஒரு பத்து ரூபாய் நாணயமும் கொண்டுவாருங்கள். பிள்ளைகளையும் அழைத்து வாருங்கள், குனிந்து பார்க்க அவர்களுக்குத்தான் முதுகு வலிக்காது. மூன்றாவது குறுக்குத் தெரு அம்மா முதலாவதாகப் பெயர் கொடுத்திருக்கிறார். மூக்கிரட்டைக்கும் சாரணைக்கும் வித்தியாசத்தை அவரே காட்டுவதாகச் சொல்லியிருக்கிறார்.

சுண்டல் வாசனை வந்துவிட்டது.